கண்ணுக்கு ஊட்டிய சீனி

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெண்கள் அரங்கில் எடுக்கப்பட்ட, ஒரு நிமிடம்கூட ஓடாத வீடியோ ஒன்று, மறுநாள் மதியத்துக்குள் நகரத்தின் பல வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்ந்தது.

புதன்கிழமை காலை அதே வீடியோ, பழனி ரோட்டில் டயர்க்கடைக்கு மேலே இருக்கும் ரோஸ்மேரியின் விசாரணை அலுவலகத்துக்கும் வந்தது. கூடவே ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. கண்ணாடியைப் போட்டிருந்த பெண் வந்தாள். அவளுடைய அத்தா வந்தார்.

அத்தாவின் பெயர் முகமது பாரூக். தோல் வியாபாரி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், என் பொண்ணு பாஸிலா. மருந்துக்கடையில கவுன்ட்டர்ல நிக்கிறா. பத்தொன்பது வயசுல காய்ச்சல் வந்து காது போயிருச்சு. மெஷின் வச்சும் கேக்கல. இந்தக் கண்ணாடி வந்த பொறகுதான் ஆளு மாதிரி வெளிய போறா. இப்ப இவதான் அந்த வீடியோவ எடுத்தான்னு ஊரே சொல்லுது."

பாஸிலா கண்ணாடி வழியாகத் தன் அத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடித்த கறுப்புச் சட்டம். சாதாரணக் கண்ணாடியைவிடக் காதோரம் கொஞ்சம் பருமன். மற்றபடி பார்ப்பதற்குக் கல்லூரிப் பேராசிரியரின் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

இஷாக் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்தான். இந்த அலுவலகத்தின் ஒரே ஊழியன் அவன். அதற்கு முன் எட்டு வருடம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். திறக்காத பொருள் எதுவானாலும் அவனுக்குக் கை நமநமக்கும்.

"தங்கச்சி, இதுல நாம பேசுறது எழுத்தா வருமாமே? எங்க மேடம் திட்டுறதும் வருமா? வந்தா சொல்லுங்க, எனக்கும் ஒண்ணு வேணும். காதுல வாங்காம படிச்சுக்கிருவேன்."

ரோஸ்மேரி முறைத்தார். பாரூக் திகைத்தார். பாஸிலா எந்தச் சலனமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு, எல்லாரும் அடுத்த பேச்சுக்குப் போகத் தயாரான நேரத்தில், குபுக்கென்று சிரித்தாள்.

"எழுத்து வர ரெண்டு செகண்டு ஆகும்ணே," என்றாள். காது கேளாதவர்களுக்கே உரிய, கொஞ்சம் உரத்த குரல்.

இரண்டு விநாடி தாமதமாக வந்த அந்தச் சிரிப்பு இஷாக்குக்கு மிகவும் பிடித்துவிட்டது. மூன்று நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பாரூக்கின் முகம் சொல்லிற்று.

ரோஸ்மேரி பெண்கள் காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஐம்பத்திரண்டு வயது. கேள்விகளைக் கடுகு தாளிப்பது மாதிரி படபடவென்று கேட்பார்.

"கல்யாணம் யாரு வீட்டுது?"

"ஜமால் முகமது வீட்டுது. காய்கறிக் கமிஷன் கடைக்காரரு. அவரு சின்னப் பொண்ணுக்கு நிக்காஹ். அவரு மகன் ஃபாரிஸுக்குத்தான் பாஸிலாவ நிச்சயம் பண்ணியிருக்கோம்."

"பெண்கள் அரங்குல போன் உண்டா?"

"கெடையாது மேடம். வாசல்லயே கூடை வச்சு எல்லா போனையும் வாங்கிருவாங்க. உள்ள பொம்பளைக மட்டும். முக்காட எடுத்துட்டு பாடுவாங்க, கைதட்டுவாங்க, ஆடுவாங்க. வெளிய தெரியாதுங்குற நம்பிக்கைதானே."

"அப்ப உள்ள போன ஒரே எலக்ட்ரானிக் பொருள் இந்தக் கண்ணாடி."

பாரூக் தலையைக் குனிந்துகொண்டார். "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு பெரியவங்க உக்காருறாங்க. அதுக்குள்ள யாருன்னு தெரியலேன்னா, நிச்சயத்த முறிச்சுக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

இஷாக் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"ஏலே, ஒடைச்சிராத," என்றார் ரோஸ்மேரி.

"அக்கா, நான் ஒடைச்சா அதுக்குப் பேரு சர்வீஸு."

திறப்பதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பார்த்தான். ரோஸ்மேரி பேசினார். அவருடைய முகவாய்க்குக் கீழே, காற்றில், பச்சை எழுத்துகள் மிதந்து வந்தன: 'போட்டு அழகு பார்த்தது போதும் வேலையைப் பார்'. டயர்க்கடையின் சுத்தியல் சத்தம், ஃபேன், ரோட்டில் ஹாரன் எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் பேச்சை மட்டும் அது பொறுக்கி எடுத்துக் கொடுத்திருந்தது. இஷாக் கழற்ற மனமில்லாமல் பாரூக் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு கழற்றி, காதோரச் சட்டத்தைத் திறந்தான். பேட்டரி, ஒரு சின்னச் சிப், இரண்டு மைக், எழுத்தைக் கண்ணாடியில் காட்டும் விளக்கு. அவ்வளவுதான். மூக்குப் பக்கமும் பார்த்தான். வில்லைக்குப் பின்னாலும் பார்த்தான்.

"அக்கா," என்றான். "இதுல கேமராவே இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"கேமரா என்ன எறும்பா, ஓடிப் போறதுக்கு? இந்த மாடல் கேக்குறதுக்கு மட்டும் செஞ்சது. இது காது. கண்ணே கெடையாது."

பாரூக் எழுந்து நின்றுவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப முடிஞ்சிருச்சுல்ல மேடம்?"

ரோஸ்மேரி எழவில்லை. பாஸிலாவும் எழவில்லை. கண்ணாடி இஷாக்கின் மேசையில் பிரிந்து கிடந்தது. அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, என்ன நடந்தது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

*

முடியவில்லை.

ஜமால் முகமதுவின் வீட்டு வரவேற்பறையில் இஷாக் கண்ணாடியைத் துண்டு துண்டாக மேசையில் பரப்பி வைத்து, கல்லூரி மாணவன் தேர்வில் ஒப்பிப்பது மாதிரி ஒவ்வொன்றையும் விளக்கினான். ஜமால் முகமது பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. வந்தவர்களுக்கு முதலில் ரோஸ்மில்க் கொடுக்கச் சொன்னவர். அவர் பக்கத்தில் நின்றிருந்த ஃபாரிஸ் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தக் கறுப்பு ஓட்டை என்ன?"

"அது மைக்குங்க மாமா."

"மைக்குக்கு எதுக்கு ஓட்டை?"

"சத்தம் உள்ள போகணும்ல?"

"சத்தம் போற ஓட்டையில வெளிச்சம் போகாதா?"

இஷாக் மைக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும் அப்பு," என்றார் ஜமால் முகமது. "வெள்ளிக்கிழமை நான் ஜமாஅத்துல போயி, 'அதுல கேமரா இல்லை'ன்னு சொல்றேன். 'பாத்தீரா?'ன்னு கேப்பாங்க. இல்லாத ஒண்ண நான் எப்படிப் பாத்தேன்னு சொல்ல? இருக்குன்னா காட்டிரலாம். இல்லைங்கிறத யாருக்குக் காட்ட?"

"அப்ப எடுத்தது யாருன்னு காட்டினா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டார் ரோஸ்மேரி.

"காட்டுங்க. நானும் அதுக்குத்தான் தூங்காம கெடக்கேன். என் சம்பந்தியம்மா அதுல கைதட்டி ஆடுறாங்க. பெரிய மருமகன் ஷார்ஜாவுல இருந்து மணிக்கொரு தடவை போன் போட்டுக் கத்துறாரு. அவரு அம்மால்ல? மூத்தவ மஹ்ஜபீனுக்கு எட்டாவது மாசம். பிளைட்ல ஏறக்கூடாதுன்னுட்டாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கே வர முடியல. அவளையும் இவரு போட்டுப் படுத்துறாரு. யாரு எடுத்தா, யாரு எடுத்தான்னு."

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது இஷாக் சொன்னான்: "அக்கா, பேசாம கண்ணாடியில ஒரு கேமராவ வச்சுட்டு, பொறகு எடுத்துக் காட்டிருவோமா? 'பாருங்க, இப்ப இல்லை'ன்னு?"

"மண்டபத்துக்கு விடு."

*

பெண்கள் அரங்கு காலியாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. காவலாளி, சீக்கிரம் பார்த்துவிட்டுப் போகும்படி சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

ரோஸ்மேரி வீடியோவை மறுபடி ஓட்டினார். இஷாக் அதைப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"என்னலே?"

"அதுல எங்க தெருவுப் பொம்பளைக இருக்காங்கக்கா. நான் பாக்க மாட்டேன். நீங்க வாயால சொல்லுங்க, நான் பதில் சொல்றேன். நானும் அந்தக் கண்ணாடி மாதிரிதான், காது மட்டும்."

ரோஸ்மேரி அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

"படம் ஆடவே இல்லை. ஒரே எடத்துல நிக்குது. மேடையில பொண்ணு. முன்னால பெண்கள். எல்லாரையும் கீழ இருந்து பார்க்குற மாதிரி இருக்கு."

"மூஞ்சியில கண்ணாடி போட்டவ ஒரு நிமிசம் தலைய ஆட்டாம இருப்பாளா? அதுவும் கல்யாண வீட்டுல. கழுத்துச் சுளுக்குன்னாலும் முடியாது."

"சரி. வலது மேல் மூலையில ஒரு ரோஜாப்பூ ஒட்டியிருக்கு. கடைசி வரைக்கும் அங்கேயே இருக்கு."

"பார்வர்ட் பண்ற ஆளுக ரோஜாப்பூ வைக்காம குட்மார்னிங்கூடச் சொல்ல மாட்டாங்கக்கா."

"கடைசியில ஒரு வயசான அம்மா சீனிக் கரண்டியோட வர்றாங்க. சிரிச்சுக்கிட்டே குனியிறாங்க. கரண்டியை நீட்டுறாங்க. படம் முழுக்கக் கரண்டி. அதோட முடியுது." ரோஸ்மேரி நிறுத்தினார். "ஊரு என்ன சொல்லுது? பாஸிலாவுக்குச் சீனி ஊட்டுறாங்க, அப்ப எடுத்தது அவதான்னு."

"அதானே எல்லாரும் சொல்றது."

ரோஸ்மேரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"எனக்கு ஊட்டு."

"அக்கா, யாராவது பார்த்தா நம்ம ரெண்டு பேருக்குமே நல்லதில்ல."

"ஊட்டுலே!"

இஷாக் பேனாவை அவர் வாயருகே கொண்டுபோனான்.

"என் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சா?"

"இல்லையே. மூக்குக்குக் கீழே போச்சு."

"கண்ணாடியில எடுத்திருந்தா கரண்டி படத்துக்கு அடியில போய் மறைஞ்சிருக்கணும். இதுல நேரா வந்து படத்தையே மூடுது. யாராவது கண்ணுக்குச் சீனி ஊட்டுவாங்களா?"

இஷாக்கின் கையில் பேனா அப்படியே நின்றது.

ரோஸ்மேரி எழுந்து, நாற்காலியின் இருக்கையைத் தட்டினார். "இந்த உயரம். இது மேல ஏதோ இருந்திருக்கு. அதுக்கு ஒரு பெரிய மனுஷி சிரிச்சுக்கிட்டே சீனி ஊட்டியிருக்கா."

"கைக்குழந்தையா?"

"கைக்குழந்தை வீடியோ எடுக்குமா?"

"எங்க அக்கா மகன் எடுப்பான்," என்றான் இஷாக். ஆனால் அவன் குரலில் வழக்கமான குஷி இல்லை. கூடைக்குக் காவல் இருந்தவர் மணப்பெண்ணின் பெரியம்மா. ஒரு போன்கூடத் தப்பவில்லை என்று அவர் சத்தியம் செய்திருக்கிறார். சீனிக் கரண்டியைப் பிடித்திருந்ததும் அதே பெரியம்மாதான்.

*

வியாழக்கிழமை மதியம், பாரூக்கின் மனைவி நர்கீஸ் சமையலறை வாசலில் நின்று பேசினார். அழுது அழுது கண் சுருங்கியிருந்தது. மகளுக்குப் பக்கத்தில், இரண்டாவது வரிசையில்தான் தானும் அன்றைக்கு முழுக்க உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்.

"நீங்க சொன்னா நம்ப மாட்டேங்குறாங்களா?" என்று கேட்டார் ரோஸ்மேரி.

"பெத்தவ சொன்னா யாரு நம்புவாக்கா?"

"அந்தச் சீனி ஊட்டுற வழக்கம். அதை யார் யாருக்கு ஊட்டுவாங்க?"

"அது ஜமால் அண்ணன் வீட்டு வழக்கம். நிக்காஹ் முடிஞ்சதும் பொண்ணுக்கு ஒரு கரண்டி. பொறகு கூடப் பொறந்தவளுக்கு ஒரு கரண்டி. ஒருத்தி இனிப்புல இன்னொருத்திக்கும் பங்குன்னு. அம்புட்டுத்தான்."

"பாஸிலாவுக்கு?"

"அவளுக்கு எப்படிக்கா? அவ மருமகளா அந்த வீட்டுக்குள்ள இன்னும் போகவே இல்லையே. வேற யாருக்கும் ஊட்ட மாட்டாங்க."

"அன்னிக்கு அந்த ரெண்டாவது கரண்டியை யாருக்கு ஊட்டினாங்க?"

"மஹ்ஜபீனுக்கு."

இஷாக் தேநீர் கிளாஸைக் கீழே வைத்தான்.

"மஹ்ஜபீன் எங்க உக்காந்திருந்துச்சு?" ரோஸ்மேரியின் குரல் மாறவே இல்லை.

"முன்வரிசையில, நடு நாற்காலியில. பெரியம்மாதான் கூட்டியாந்து உக்கார வச்சாங்க. 'வழி விடுங்கடி, மஹ்ஜபீன் வாரா'ன்னு சொல்லிக்கிட்டே. முதுகுக்குத் தலகாணி வச்சு, கழுத்துல பூகூடப் போட்டுவிட்டாங்க. எல்லாரும் ஒவ்வொருத்தராப் போயி பேசிட்டு வந்தோம். நான்கூட, ஒடம்பப் பாத்துக்க தாயின்னு சொல்லிட்டு வந்தேன்."

"நர்கீஸ் அக்கா," என்றான் இஷாக் மெதுவாக, "மஹ்ஜபீன் ஷார்ஜாவுலல்ல இருக்கு?"

"ஆமா தம்பி, ஷார்ஜாவுலதான்," என்றார் நர்கீஸ், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல.

அடுப்பில் ஏதோ கொதித்தது.

"அப்ப நாற்காலியில இருந்தது?"

"மஹ்ஜபீன்தான். வீடியோ கால்ல..."

நர்கீஸ் அத்தோடு நிறுத்தினார். கை மெல்ல எழுந்து அவர் வாயை மூடியது. "யா அல்லா... அது போனுல்ல!"

நூறு பெண்களுக்கு மேல் இருந்த அரங்கு. ஒவ்வொருத்தியும் தன் போனைக் கூடையில் போட்டுவிட்டு வந்தவள். ஒரு காது கேளாத பெண்ணின் மூக்கில் இருந்த கண்ணாடியை அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். நடு நாற்காலியில் பூப்போட்டு உட்கார்ந்திருந்த போனை ஒருத்திகூடப் பார்க்கவில்லை. அதில் அவர்கள் பார்த்தது மஹ்ஜபீனை.

தெருவுக்கு வந்ததும் இஷாக் துள்ளினான். "முடிஞ்சுதுக்கா! நான் தப்பா நெனச்ச ரோஜாப்பூவும் இப்பப் புரிஞ்சிருச்சு. வீடியோ கால்ல மூலையில நம்ம மூஞ்சி சின்னதாத் தெரியும்ல? அதை மறைக்கத்தான் பூ. எதிர்ப்பக்கம் ஸ்க்ரீன் ரெக்கார்டு போட்டிருக்கு."

"இதே கண்ணாடி பத்து வருஷம் கழிச்சு எல்லார் மூக்குலயும் ஏறிருக்கும்," என்றார் ரோஸ்மேரி. "அன்னிக்கு அதையும் யாரும் பார்க்க மாட்டாங்க. இந்தப் பொண்ணு கொஞ்சம் முன்னாலயே போட்டுட்டா. அதான் தப்பு." ஸ்கூட்டரில் ஏறாமல் நின்றார். "நீ ஏன்லே துள்ளுற? அந்தப் பக்கம் இருக்கிறது எட்டு மாசப் பிள்ளைத்தாச்சி."

இஷாக்கின் துள்ளல் நின்றது.

*

ஜமால் முகமது தன் போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார். ஷார்ஜாவில் மணி அடித்தது. மஹ்ஜபீனின் வீங்கிய முகம் திரையில் வந்தது.

ரோஸ்மேரி சுற்றி வளைக்கவில்லை. "நான் உங்க அத்தாவுக்குத் தெரிஞ்சவம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த வீடியோவுல ரோஜாப்பூவை ஏன் வச்சே?"

வெகுநேரம் அந்த முகம் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று இஷாக் சிக்னலைப் பார்த்தான். சிக்னல் இருந்தது.

"நான் முக்காடு போடாம கட்டில்ல படுத்திருந்தேன்," என்றாள் மஹ்ஜபீன். "என் தலை தெரியக்கூடாதேன்னுதான் பூவ வச்சேன்."

"மத்தவங்க தலை?"

"அவங்கெல்லாம் நம்ம ஆளுகதானேன்னு... எனக்குத் தோணவே இல்லை. ராத்திரி பகலாப் போட்டுப் போட்டுப் பாக்கணும்னு எடுத்து வச்சேன். எதிர் ஃப்ளாட்டு அக்காவுக்கு மட்டும் அனுப்புனேன். என் தங்கச்சி கல்யாணத்தைப் பாருங்கக்கான்னு. இங்க எனக்கு வேற யாரு இருக்கா காட்ட? அவங்க யாருக்கு அனுப்புனாங்கன்னு... அத்தா, அத்தா, நான் வேணும்னு செய்யல."

ஜமால் முகமது திரையைத் தொட்டார். கன்னத்தைத் தொடுவது மாதிரி.

அப்போது திரைக்குள் எங்கிருந்தோ ஓர் ஆண்குரல் கேட்டது. "யாரு போன்ல?"

"அத்தாதாங்க." மஹ்ஜபீன் முகத்தை அவசரமாகத் துடைத்தாள்.

"அந்தக் கண்ணாடிக்காரியப் புடிச்சாங்களா இல்லையான்னு கேளுங்க. எங்கம்மாவ ஊரு சிரிக்க வச்சவ யாரா இருந்தாலும் நான் விடப்போறதில்லைங்க. என் பொண்டாட்டியே எடுத்திருந்தாலும் விட மாட்டேன்னு சொல்லுங்க."

மனைவியிடமும் 'ங்க' போடும், பழனிப் பக்கத்து மரியாதை மாறாத பேச்சு. திரை அணைந்தது.

இஷாக்கிடம் வழக்கமாக ஏதாவது ஒரு நக்கல் கைவசம் இருக்கும். தேடிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்கவில்லை.

"மேடம்," என்றார் ஜமால் முகமது. கொஞ்ச நேரத்தில் ஆள் சுருங்கிப் போயிருந்தார். "நீங்க போலீஸ்ல இருந்தவங்க. நான் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. நான் போயி, என் மகதான்னு சொன்னா, அவ அங்க அந்த வீட்டுல என்ன ஆவா? பிள்ளை என்ன ஆகும்?"

"பாஸிலாவும் ஒருத்தர் மகள்."

"தெரியும். நிச்சயம் முறியாது. அதுக்கு நான் ஜவாப்தாரி. யாரு எடுத்தான்னு தெரியலேன்னு பெரியவங்ககிட்ட சொல்லிர்றேன். அந்தப் பொண்ணு மட்டும்... அந்தக் கண்ணாடிய இனிமே போட வேணாம். போட்டுட்டு வந்தா, பாக்குறவங்களுக்கு அது ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கும்."

"அது இல்லாம அவளுக்குக் காது இல்லை சார்."

"நாங்க கத்திப் பேசுறோம் மேடம். எழுதிக் காட்டுறோம். என்ன வேணும்னாலும் செய்றோம்."

ஃபாரிஸ் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அவளுக்கு எழுதிக் காட்டுனாப் பிடிக்காது அத்தா."

ஜமால் முகமது திரும்பிப் பார்த்தார். ஃபாரிஸ் மறுபடி கால் விரல்களுக்குத் திரும்பிவிட்டான்.

"என் கட்சிக்காரர் பாரூக்," என்றார் ரோஸ்மேரி எழுந்துகொண்டே. "கண்டுபிடிச்சதை அவர்கிட்ட சொல்வேன். வெளியே சொல்றதா வேண்டாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்."

*

பாரூக் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"இப்பவே பள்ளிவாசலுக்குப் போறேன். மைக்குல சொல்றேன்."

நர்கீஸ் அவர் கையைப் பிடித்தார். "மாசமா இருக்கிற பொண்ணுங்க."

"என் பொண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

பாஸிலா கட்டிலோரம் உட்கார்ந்து, இருவருடைய சண்டையையும் படித்துக்கொண்டிருந்தாள். இஷாக் முந்தின நாளே மறுபடி பூட்டிக் கொடுத்த கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது. அத்தா ஒரு வரி, அம்மா ஒரு வரி என்று எழுத்துகள் அவளுக்கு வந்துகொண்டிருக்கும் என்று இஷாக் நினைத்துக்கொண்டான்.

"அத்தா," என்றாள் அவள், உரத்த குரலில். "நீங்க சொன்னாலும் ஒண்ணுதான். சொல்லாட்டியும் ஒண்ணுதான்."

பாரூக் நின்றார்.

"இன்னிக்குக் காலையில கடைக்குப் போனேன். டவுன் பஸ்ல ஏறுனேன். பொம்பளைக எல்லாம் பேசிக்கிட்டு இருந்தாங்க, வாய் அசையுறது தெரிஞ்சுச்சு. என்னையப் பாத்ததும் நிப்பாட்டிட்டாங்க. கடையில மருந்து வாங்க வந்தவங்க சீட்டை மட்டும் நீட்டுனாங்க. ஒரு வார்த்தை பேசல. கூட வேலை பார்க்குறவங்களும் நான் திரும்புனா வாயை மூடிக்கிறாங்க. காலையில இருந்து கண்ணாடியில ஒரு எழுத்துகூட வரல. இஷாக் அண்ணன் கழட்டி மாட்டுனதுல கெட்டுப் போச்சோன்னு பயந்துட்டேன்."

இஷாக்குக்கு என்ன முகம் வைப்பதென்று தெரியவில்லை.

"கெட்டுப் போகல," என்றாள் பாஸிலா. "வீட்டுக்கு வந்ததும் நீங்க பேசுனது எல்லாம் வந்துச்சு. மஹ்ஜபீன் அக்கான்னு சொன்னா அவங்களைப் பேசுவாங்க. இதைப் பாத்தா அப்பவும் வாயை மூடத்தான் செய்வாங்க. யாரும் பேசலேன்னா இது எதைக் காட்டும்?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மடித்தாள். ரோஸ்மேரியின் கையில் கொடுத்தாள்.

"நீங்க வச்சுக்கங்க மேடம். இங்க இருந்தா எடுத்துப் போடத் தோணும்."

ரோஸ்மேரி ஏதோ சொன்னார். கூடாது என்றோ, யோசித்துச் செய் என்றோ. பாஸிலா அவர் உதடுகளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, புரிந்த மாதிரி தலையாட்டினாள். புரியவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

இஷாக்கால் தாங்க முடியவில்லை. "தங்கச்சி, எங்க மேடம் இதைப் போட்டுக்கிட்டா என்னைத் திட்டுறதை அவங்களே படிச்சுப் பாத்துத் திருந்திருவாங்க. ஒரு விதத்துல எனக்கு நல்லதுதான்!"

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். இரண்டு விநாடி போயிற்று. பிறகும் காத்திருந்தான்.

பாஸிலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் இன்னும் பேசி முடிக்கவில்லை என்பதுபோல.

*

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பெரியவர்கள் கூடினார்கள். வீடியோவை எடுத்தவர் யாரென்று தெரியவில்லை என்று ஜமால் முகமது சொன்னார். பாரூக் மறுத்துப் பேசவில்லை. நிச்சயம் அப்படியே இருப்பதாக முடிவாயிற்று.

மருந்துக்கடையில் பாஸிலா கவுன்ட்டரிலிருந்து பின்னால் ஸ்டாக் அறைக்கு மாற்றப்பட்டாள். சம்பளத்தில் மாற்றம் இல்லை.

மண்டபத்தின் பெண்கள் அரங்கு வாசலில், ஸ்மார்ட் கண்ணாடி அணிந்து உள்ளே வரக்கூடாது என்று ஒரு பலகை மாட்டினார்கள். டிசம்பரில் இஷாக்கின் மனைவி அங்கே வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாள். வாசலில் கூடை வைத்து எல்லா போனையும் வாங்கிக்கொண்டதாகவும், வயதானவர்களின் பவர் கண்ணாடியைக்கூடக் கழற்றி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே உள்ளே விட்டதாகவும் சொன்னாள்.

முன்வரிசையில் யார் இருந்தார்கள் என்று இஷாக் கேட்டான்.

மாப்பிள்ளையின் தங்கை குவைத்திலிருந்து வந்திருந்ததாகவும், அவளைத்தான் நடு நாற்காலியில் தலையணையில் சாய்த்து வைத்திருந்தார்கள் என்றும் அவள் சொன்னாள்.